சொல்தா அண்ணன் வீட்டு டிவியும் என் புது டிவியும்

போன மாதம் எங்கள் வீட்டு டிவி நின்றுவிட்டது. பதினான்கு வருடம் உழைத்த பெட்டி. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "பேனல் போயிடுச்சு சார், இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டார். 2026 ஜூன் 11-ஆம் தேதி உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்குகிறது. இந்த முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். டிவி இல்லாமல் எப்படி?

மகனிடம் போனில் சொன்னேன். "55 இன்ச் வாங்குங்கப்பா, ரெண்டு ஓடிடிக்குப் பணம் கட்டுங்க, முடிஞ்சுது" என்றான். அவனுக்கு முடிந்தது. வாழ்நாளெல்லாம் கோப்பு பார்த்த எனக்குப் பழைய ஃபைலைப் புரட்டாமல் முடிவெடுத்துப் பழக்கமில்லை. எங்கள் வீதியில் டிவி விஷயத்தில் பழைய ஃபைல் என்றால் அது சொல்தா அண்ணன் வீட்டு ஃபைல்தான்.

சொல்தா என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை சொல்தா என்போம். எங்கள் எதிர்வீட்டு அண்ணன் 1977-இல் அப்படித் திரும்பினார். வரும்போது கப்பலில் ஒரு டிவியும் கொண்டுவந்தார்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியிருந்தது. புதுச்சேரி அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் மீன்முள் மாதிரி ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்தால் வானிலையைப் பொறுத்துப் படம் வரும். அண்ணன் எல்லாவற்றையும் செய்தார். பெட்டியைப் போட்டால் படம் ஏதோ நிழலாட்டம் போல உருண்டது. ஒலி வரவே இல்லை. ஆன்டெனாவைத் திருப்பினார், பூஸ்டரை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பிரான்ஸின் முறை செக்காம். இந்தியாவின் முறை பால். வண்ணத்தைச் சேர்க்கும் விதம் மட்டுமல்ல, படத்தையும் ஒலியையும் அலையில் ஏற்றும் விதமே இரண்டிலும் வேறு. அங்கே ராஜா மாதிரி இருந்த பெட்டிக்கு இங்கே வரும் சிக்னலின் பாஷை புரியவில்லை. லேஸ் துணி போர்த்தி, மேலே பூச்சாடி வைத்து, அது பல வருடம் வெறும் மேசையாக இருந்தது. "பெட்டியைப் பார்த்து வாங்கிட்டேன் தம்பி, சிக்னலைப் பார்க்கல" என்று அண்ணன் சிரிப்பார்.

அதனால் 1982 உலகக் கோப்பையை நாங்கள் காதால்தான் பார்த்தோம். ஜூலை 8, செவில் நகரில் அரையிறுதி. பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும். நமக்கு நள்ளிரவு 12.30. அண்ணன் வீட்டுத் திண்ணையில் சிற்றலை ரேடியோ. பிரெஞ்சு வர்ணனை அலையலையாக வந்து போகும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் கூடியிருந்த பையன்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை என் தலையில். அண்ணனுக்கும் பிரெஞ்சு தெரியும், ஆனால் அவர் கத்துவதற்கே நேரம் போதவில்லை. ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து மோதியதில் பத்திஸ்தோன் பல் உடைந்து சாய்ந்ததும், கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் 3-1 என்று முன்னால் போனதும், பிறகு 3-3 ஆனதும், கடைசியில் பெனால்டியில் 5-4 என்று தோற்றதும் என் வாய் வழியாகத்தான் அந்தத் திண்ணைக்குப் போயின. விடியும் நேரத்தில் எழுந்து போனோம். யாரும் யாரோடும் பேசவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷனில் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காகவே வெளிநாட்டுக் கலர் டிவிகளை இறக்குமதி செய்ய அரசு வழி விட்டது. நாங்கள் எங்கே கலருக்குப் போவது? அண்ணன் இந்த முறை புத்திசாலித்தனமாகச் சென்னையிலேயே செய்த டயனோரா ஒன்று வாங்கினார். கறுப்பு வெள்ளை, இழுத்து மூடும் கதவு வைத்த மரப்பெட்டி. வீதியில் முதல் டிவி. டிசம்பர் 1-ஆம் தேதி ஹாக்கி இறுதி ஆட்டத்துக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை. பாகிஸ்தான் 7, இந்தியா 1. அண்ணி போட்டு வைத்த காப்பியை யாரும் தொடவில்லை.

அந்தக் கடனை 1983 ஜூன் 25 தீர்த்தது. லார்ட்ஸில் இந்தியா 183-க்கு ஆல் அவுட் என்றதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரிச்சர்ட்ஸ் அடித்த பந்தைக் கபில்தேவ் பின்னால் ஓடிப் பிடித்ததும் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகள் 140. ஒரு வாரம் முன்பு, ஜூன் 18-இல் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் 175 ரன் அடித்த ஆட்டத்தைத்தான் யாரும் டிவியில் பார்க்கவில்லை. அதை ஒளிபரப்பவே இல்லை.

1986 ஜூன் 21 எங்களுக்குத் தனி நாள். மெக்சிகோவில் பிரான்ஸும் பிரேசிலும் கால் இறுதியில் மோதின. நமக்கு இரவு 11.30. அன்றைக்குக் காற்று. ஒரு பையன் மொட்டை மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு, "வந்துச்சா?" என்பான். கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பு... போதும், போதும்!" என்போம். அன்று பிளாத்தினிக்குப் பிறந்தநாள். கோல் அடித்துச் சமன் செய்தவரும் அவரே, கடைசியில் பெனால்டியை மேலே அடித்துவிட்டவரும் அவரே. ஆனாலும் பிரான்ஸ் ஜெயித்தது. மாடியில் நின்ற பையன் ஆட்டத்தில் பாதியைப் பார்க்கவில்லை. அதற்காக யாரும் அவனிடம் காசு கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

காசு விஷயம் தொண்ணூறுகளில் வந்தது. அதுவரை ஆட்டத்தைக் காட்ட தூர்தர்ஷனை விட்டால் வேறு ஆள் இல்லை. 1993-இல் ஹீரோ கோப்பை நடந்தபோது வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரி 9-இல் தீர்ப்பு: அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல. நியாயமான தீர்ப்புதான். ஆனால் கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்கள் பணம் கொண்டுவந்தார்கள், உரிமையை வாங்கினார்கள், பிறகு நம்மிடம் வசூலித்தார்கள். கேபிள்காரர் மாதாமாதம் வர ஆரம்பித்தார். வீதியில் வீட்டுக்கு ஒரு டிவி வந்தது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் இடம் காலியானது.

ஒரே ஒரு ராத்திரி அது மறுபடி நிறைந்தது. 1998 ஜூலை 12, பாரிஸில் இறுதி ஆட்டம். நமக்கு மீண்டும் நள்ளிரவு 12.30. சிதான் தலையால் இரண்டு, பெத்தி ஒன்று. பிரேசிலுக்கு ஒன்றுமில்லை. கானாவில் பிறந்த தெசாயி, செனகலில் பிறந்த வியெரா, குவாதலூப்பில் பிறந்த தூராம், அல்ஜீரியக் குடும்பத்துப் பிள்ளை சிதான். "எல்லாம் நம்ம மாதிரி கடல் தாண்டின ஆளுங்கடா" என்று அண்ணன் அழுதார். இரண்டு நாள் கழித்து வந்த ஜூலை 14 கொண்டாட்டத்தில் அவர் மெடலைக் குத்திக்கொண்டு நடந்த நடையை நான் மறக்கவில்லை.

பணம் கட்டாதவன் நாட்டின் ஆட்டத்தைப் பார்க்கவே கூடாதா என்ற கேள்விக்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட போட்டிகளின் சிக்னலை, உரிமை வாங்கியவர் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். டிவி விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 பங்கு உரிமைக்காரருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள், ஒலிம்பிக் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. ஐபிஎல் கிடையாது. 2017-இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: அப்படிப் பகிரும் சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், கேபிள் வழியாகத் தரக் கூடாது. கேபிளில் தூர்தர்ஷன் சேனல் இருந்தும் ஆட்டம் வராமல் வேறு ஏதோ ஓடுவது இதனால்தான். தரைவழிக் கோபுரங்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன. ஆக, மீன்முள் ஆன்டெனாவின் ஒரே வாரிசு இன்று டிடி ஃப்ரீ டிஷ்தான். ஒருமுறை தட்டும் பெட்டியும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை.

இப்போது ஓடிடி. அதன் குணத்தை 2022 டிசம்பர் 18 இரவு கற்றேன். அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய இறுதி ஆட்டம். மகன் ஒரு செயலியை டிவியில் போட்டுக் கொடுத்திருந்தான். பிரான்ஸ் 2-0 பின்தங்கிய நிலையில் எம்பாப்பே பெனால்டியில் ஒன்று அடித்தார். நாங்கள் கைதட்டி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டில் மறுபடி கூச்சல். எங்கள் படத்தில் பந்து இன்னும் நடு மைதானத்தில். அரை நிமிடம் கழித்துத்தான் எங்களுக்கு இரண்டாவது கோல் விழுந்தது. பக்கத்து வீட்டில் டிஷ். இணையத்தில் வரும் படத்தைச் சில சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். தடங்கல் வராமலிருக்க நம் பெட்டி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். தாமதம் அதில் வருகிறது. டிவி எவ்வளவு விலையானாலும் அது போகாது.

இத்தனை ஃபைலையும் புரட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பூ, மீன், பனிமலை ஓடும் படத்தைக் காட்டினார். "தம்பி, ஓடுற மேட்ச் ஒண்ணு போடுங்க" என்றேன். மெதுவாக நகரும் பூ எல்லா டிவியிலும் அழகு. பந்து பறக்கும்போது பின்னால் வால் விடுகிறதா, புல்வெளி கலங்குகிறதா என்பதை ஆட்டத்தில்தான் பார்க்க முடியும். இரண்டு பெட்டிகளை அதிலேயே கழித்தேன்.

கடைசியில் 43 இன்ச் 4கே வாங்கினேன். எங்கள் கூடத்துக்கு 55 அதிகம். 4கே எதற்கு என்றால், கிட்டே உட்கார்ந்து பார்த்தாலும் புள்ளி தெரியாது. அது எனக்காக அல்ல, ஏன் என்று பிறகு சொல்கிறேன். மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருப்பதால் வர்ணனை நம் வயதுக் காதுக்குத் தெளிவாக விழாது, அதனால் ஒரு சின்ன சவுண்ட்பார். இணையத்தை வைஃபையில் விடாமல் ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒயர் இழுத்தேன். ரூட்டரை இன்வர்ட்டர் லைனில் மாட்டினேன், இல்லாவிட்டால் கரண்ட் போனால் டிவி இருந்தும் ஆட்டம் இருக்காது. மொட்டை மாடியில் பழைய குழாய் நின்ற இடத்திலேயே ஃப்ரீ டிஷ் தட்டு. ஓடிடிக்கு வருடச் சந்தா கட்டவில்லை. உரிமை வருடத்துக்கு வருடம் கை மாறுகிறது. எந்தப் போட்டி எவரிடம் என்று பார்த்து, அந்த மாதத்துக்கு மட்டும் கட்டுவது என்று வைத்திருக்கிறேன்.

மகனுக்குக் கணக்கு சொன்னேன். "ரெண்டு பேருக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்றான். இரண்டு பேருக்கு அல்ல. சொல்தா அண்ணனுக்கு இப்போது 83. கண் மங்கிவிட்டது. அண்ணி போன பிறகு தனியாக இருக்கிறார். பிள்ளைகள் பிரான்ஸில். பேரன் வாங்கிக் கொடுத்த போனில் ஆட்டம் ஓடும், அவருக்கு அதில் பச்சை நிறம் மட்டும்தான் தெரியும். நாற்பது வருடத்துக்கு முன் அவர் கூடத்தில் உட்கார்ந்து நான் குடித்த காப்பிக்குக் கணக்கே கிடையாது.

போன வாரம் கையைப் பிடித்து அழைத்துவந்து மூன்றடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நல்ல பெட்டிதான் தம்பி. இதுக்கு நம்ம ஊரு சிக்னல் புரியுதா?"

"புரியுது அண்ணே."

"நீலச் சட்டை தெரியுது. பந்து தெரியல."

"அதை நான் சொல்றேன் அண்ணே" என்றேன்.

இறுதி ஆட்டம் நமக்கு ஜூலை 20 அதிகாலை. கணக்குப் பார்த்தால் அதே 12.30 மணி.