எண்ணெய்க் கிணற்றில் மணல்: ஆய்வுகூடம் முன்கூட்டிச் சொல்வது என்ன?

மன்னார்க் கடலில் 2011ஆம் ஆண்டு கெயார்ன் லங்கா நிறுவனம் ‘டொராடோ’, ‘பரகுடா’ ஆகிய கிணறுகளில் எரிவாயுவைக் கண்டறிந்தது. 2015இல் அந்நிறுவனம் விலகியது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் விலையும் பங்கும் பற்றியே கேள்விப்படுகிறேன். மணலைப் பற்றிய கேள்வியைக் கேட்டதில்லை.

எண்ணெயும் எரிவாயுவும் பல இடங்களில் மணற்கல்லின் நுண்துளைகளில் தங்கியிருக்கின்றன. கல் நன்கு இறுகாததாயின் அவற்றோடு மணலும் மேலே வரும். அது கிணற்றை அடைக்கும். குழாய்களையும் வால்வுகளையும் அரிக்கும். அரிப்பு முற்றினால் கசிவு ஏற்படும்.

கடற்கரை மணலில் பங்கர் வெட்டியவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். அம்மா சேலைகளை மூட்டையாகத் தைக்க, நான் மணல் அள்ளி நிரப்பினேன். ஈரமணல் நின்றது, காய்ந்ததும் சரிந்தது. தண்ணீர் ஊறி நிரம்பினாலும் சரிந்தது. மணிகளுக்கிடையே உள்ள சிறிதளவு நீரே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. கிணற்றில் நீர்வரத்துக் கூடும்போது மணலும் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆய்வுகூடத்தில் இரண்டு சோதனைகள் முக்கியமானவை. முதலாவதில், துளையிட்டெடுத்த உருளைக் கல்லின் நடுவே ஓட்டை போட்டு, வெளியிலிருந்து அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். உட்சுவர் எந்த அழுத்தத்தில் உதிர்கிறது என்பது, கிணற்றை எவ்வளவு வேகமாகச் சுரக்கவிடலாம் என்பதைக் கணிக்க உதவும்.

இரண்டாவது, வடிதட்டுச் சோதனை. கிணற்றில் பொருத்தப்படவுள்ள வடிதட்டின் மேல் மணலை நிரப்பி, எண்ணெயையோ நீரையோ வாயுவையோ செலுத்துவார்கள். தட்டைக் கடந்த மணல் நிறுக்கப்படும். அழுத்த இழப்பு அளக்கப்படும். துளை பெரிதானால் மணல் தப்பும். சிறிதானால் களி அடைத்துவிடும். கனடாவின் அல்பேர்ட்டாவில் தார்மணல் கிணறுகளுக்கான கீறல் குழாய்கள் இவ்வாறு சோதிக்கப்படுகின்றன.

வடிதட்டைச் சுற்றிப் பருமணல் நிரப்பும் முறையும் உண்டு. அதன் மணி, நிலத்தடி மணலின் இடைநிலை அளவைப்போல் 5 முதல் 6 மடங்கு இருக்கவேண்டும் என்று சோசியர் 1974இல் சோதனைகள் மூலம் காட்டினார். அந்த விதி இன்றும் பயன்படுகிறது.

இவற்றுக்கும் எல்லை உண்டு. சோதிக்கப்படுவது கையடக்கமான ஒரு துண்டு. அதுவும் மேலே கொண்டுவரும்போதே குலைந்திருக்கலாம். சோதனை சில மணிநேரமோ சில நாட்களோ நடக்கும். கிணறு பல ஆண்டுகள் ஓடும்.

மன்னாரில் மீண்டும் துளையிட எவராவது வந்தால் நாம் கேட்கவேண்டியவை மூன்று: எந்த ஆழத்துக் கல் சோதிக்கப்பட்டது? நீர் வந்தபின் என்ன நடக்கும் என்று பார்த்தார்களா? முடிவுகளைக் கடற்றொழிலாளர்களுக்குக் காட்டுவார்களா? கசிவு வந்தால் முதலில் வலையில் காண்பவர்கள் அவர்கள்தான்.