புகாரா நகர மக்களும் மொழியும்: கணக்கேட்டில் மறைந்த பாரசீகம்

நடு ஆசியாவில் ஜரஃப்ஷான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமைந்துள்ள புகாரா, இன்று உஸ்பெகிஸ்தான் நாட்டின் மாகாணத் தலைநகரங்களுள் ஒன்று. 2020ஆம் ஆண்டளவில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2,80,000. இந்நகரின் பழங்குடியிருப்புகளில் வீட்டுமொழியாக வழங்குவது தாஜிக் எனப்படும் நடு ஆசியப் பாரசீகம். ஆனால் அரசின் கணக்கேடுகளோ நகர மக்களுள் மிகப் பெரும்பாலோரை உஸ்பெக்குகள் என்றே காட்டி வந்துள்ளன. பேசும் மொழிக்கும் பதிவான பெயருக்கும் இடையே இத்துணை இடைவெளி நேர்ந்தது எவ்வாறு என்பது மொழியியலார் நோக்கத்தக்க வரலாறாகும்.

கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் சாமானியர் ஆட்சியில் புதுப்பாரசீகம் இலக்கிய மொழியாக உருப்பெற்ற களங்களுள் புகாரா தலையாயது. ரூதகி அவ்வரசவையைச் சார்ந்த புலவர். பின்னர் அரசு துருக்கிய மரபினர் கைக்கு மாறியபோதும் எழுத்தர் கூடத்தின் மொழி மாறவில்லை. 16ஆம் நூற்றாண்டில் உஸ்பெக் அரசர்களும், 1785 முதல் மங்கித் மரபின் அமீர்களும் பாரசீகத்திலேயே ஆணைகள் பிறப்பித்தனர். இந்தியாவில் கும்பினி அரசு 1837இல் பாரசீகத்தை அலுவலகங்களிலிருந்து விலக்கிய பின்னரும் 80 ஆண்டுகளுக்கு மேல் அது புகாராவின் ஆட்சிமொழியாக நீடித்தது.

மக்கள்தொகையைப் பற்றிய பழைய செய்திகள் மதிப்பீடுகளே. 1832இல் அலெக்சாண்டர் பர்ன்சு, தில்லியைச் சேர்ந்த முன்ஷி மோகன் லாலுடன் இந்நகரை அடைந்தார். அவர் நகர மக்களை 1,50,000 என்று மதித்தார். பத்தாண்டு கழித்து வந்த உருசியரான கானிகோவ் அதில் பாதிக்கும் குறைவாகவே கணித்தார். வழிப்போக்கர் தரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இது ஒரு சான்று. எண்களைவிட, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இனவரைவியலார் ஓல்கா சுகரேவா தெருத்தெருவாக முதியோரிடம் கேட்டுத் தொகுத்த செய்திகள் பயன் மிக்கவை. இருநூறுக்கும் மேற்பட்ட ‘குசார்’ எனும் சேரிகளாக நகரம் பகுக்கப்பட்டிருந்தமை அவற்றால் தெரிகிறது. மெர்வ் நகரிலிருந்து குடிபெயர்க்கப்பட்ட ‘ஈரானி’ எனும் ஷியாக்கள், யூதர், யூதத்திலிருந்து இசுலாத்துக்கு மாறிய ‘சாலா’ எனப்பட்டோர் எனப் பலரும் இங்கு வாழ்ந்தனர். இவர்தம் பொதுமொழி பாரசீகமே. யூதர் தம் வழக்கை எபிரேய எழுத்தில் எழுதினர். சுற்றியிருந்த சிற்றூர்களில் உஸ்பெக் பேசியோரும், ஓரிரு ஊர்களில் அரபு பேசியோரும் இருந்தனர். ‘நீர் யார்?’ என்று வினவினால் சேரி, தொழில், சமயப் பிரிவு ஆகியவற்றுள் ஒன்று விடையாகுமேயன்றி மொழி விடையாவது அரிது.

1920 செப்டம்பரில் செம்படை புகாராவைக் கைப்பற்றியது, அமீர் ஓடினார். அடுத்து அமைந்த புகாரா மக்கள் சோவியத் குடியரசு, பாரசீகத்தை விலக்கி உஸ்பெக்கை ஆட்சிமொழியாக்கியது. அதனைச் செய்தவர் அயலார் அல்லர். அப்துர்ரவூஃப் ஃபித்ரத் புகாராவில் பிறந்தவர். 1909இல் வெளிவந்த தம் சீர்திருத்த உரையாடல் நூலைப் பாரசீகத்தில் எழுதியவர். பின்னரோ துருக்கிய ஒற்றுமைக் கொள்கையைத் தழுவி உஸ்பெக் மொழிக்கு உழைத்தார். அக்குடியரசின் தலைவர் ஃபைசுல்லா கோஜாயேவும் புகாரா வணிகக் குடும்பத்தவரே. பாரசீகம் வீழ்ந்த அமீரின் மொழி என்றும், உஸ்பெக் முன்னேற்றத்தின் மொழி என்றும் இத்தலைமுறை கருதியது. 1924ஆம் ஆண்டின் தேசிய எல்லைப் பகுப்பில் புகாராவும் சமர்கந்தும் உஸ்பெக் குடியரசுக்குச் சென்றன.

கணக்கெடுப்பின் விளைவைத் தெளிவுறக் காண அண்டை நகரான சமர்கந்தையே நோக்க வேண்டும். 1868 முதல் உருசிய ஆட்சியிலிருந்த அந்நகரில் ஒப்பிடத்தக்க இரு கணக்குகள் உள்ளன. 1920இல் அங்குத் தாஜிக்குகள் 44,758 பேர், உஸ்பெக்குகள் 3,301 பேர். 1926இல் தாஜிக்குகள் 10,716 பேராகக் குறைய, உஸ்பெக்குகள் 43,000க்கு மேல் உயர்ந்தனர். ஆறு ஆண்டுகளில் ஒரு நகரம் தாய்மொழியை மாற்றிக்கொள்வதில்லை, மாறியது பதிவே. புகாராவிலும் 1926இல் உஸ்பெக் என்ற பெயரே மேலோங்கியது. அதிகாரிகளின் நெருக்குதல் ஒரு காரணம். ஆயின் அதுவே முழுக் காரணமாகாது. 1910இல் நகரில் சுன்னி-ஷியா கலகம் நிகழ்ந்திருந்தது. ‘உஸ்பெக்’ என்பதைச் சுன்னி எனும் பொருளிலேயே கொண்டோரும் இருந்தனர். விடையளித்தவர் சமயம் சொல்ல, எழுதியவர் தேசிய இனம் எனக் குறித்துக்கொண்டார் எனலாம்.

எதிர்ப்பும் எழாமலில்லை. புகாராவைச் சேர்ந்த சதருத்தீன் அய்னி, பத்து நூற்றாண்டுப் பாரசீகப் பாடல்களைத் திரட்டிய தொகைநூலை 1926இல் மாஸ்கோவில் வெளியிட்டார். இம்மண்ணில் தாஜிக்குகளே இல்லை என்றோர்க்கு அந்நூல் விடையாயிற்று. விரைவில் அது தடைசெய்யவும் பட்டது. முன்னர் உஸ்பெக் தரப்பில் நின்ற அப்துல்காதிர் முகித்தீனோவ் 1928இல் மனம் மாறி, புகாரா மக்கள் தாஜிக்குகளே என எழுதினார். 1929இல் தாஜிக் குடியரசு தனித்து அமைந்தபோதும் புகாரா அதில் சேரவில்லை. 1930களின் அடக்குமுறையில் ஃபித்ரத், கோஜாயேவ், முகித்தீனோவ் ஆகிய மூவரும் தரப்பு வேறுபாடின்றிக் கொல்லப்பட்டனர். 1932இல் புகுந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டில் தேசிய இனமும் குறிக்கப்பெற்றதால், ஒருமுறை எழுதப்பட்ட பெயர் பிள்ளைகளுக்கும் இறங்கியது. 1989ஆம் ஆண்டுக் கணக்குப்படி உஸ்பெகிஸ்தானில் தாஜிக்குகள் 4.7 விழுக்காட்டினர்; அதன்பின் பல்லாண்டுகள் கணக்கெடுப்பே நடைபெறவில்லை.

இருமொழி வாழ்வின் தடம் கணக்கேட்டினும் இலக்கணத்தில் தெளிவாக உள்ளது. ‘அகமதின் நூல்’ என்பதை எழுத்துவழக்கு ‘கிதோபி அஹ்மத்’ என உடைமையை முன்வைத்துச் சொல்லும். புகாரா பேச்சிலோ ‘அஹ்மத-அ கிதோபஷ்’ என உடையவன் முன்வந்து, ‘அவனது’ எனும் விகுதி நூலோடு ஒட்டும். சொற்கள் பாரசீகம், கட்டமைப்பு உஸ்பெக். தமிழின் சொல்வரிசையும் இதுவே என்பதால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு இது அயன்மையாகத் தோன்றாது. அவ்வாறே நிகழ்காலத் தொடர்வினை ‘கர்தா இஸ்தோதாஅம்’, ‘செய்து நிற்கிறேன்’ என்னும் துணைவினை அமைப்பில் வரும்.

மொழிபெயர்ப்பில் இடர் தருவன இனப்பெயர்களே. 1924க்கு முற்பட்ட ஏடுகளில் வரும் ‘உஸ்பெக்’, ‘தாஜிக்’ என்பவற்றை இன்றைய நாட்டினப் பெயர்களாகக் கொண்டால் பொருள் திரியும். அவை குலத்தையோ சமயப் பிரிவையோ வாழ்முறையையோ சுட்டியிருக்கலாம். மொழிக்கு அன்று வழங்கிய பெயர் ‘ஃபார்சி’. ‘தாஜிக்’ எனும் மொழிப்பெயர் நிலைபெற்றது 1920களில்தான். அடிமைகளைப் பற்றிய தம் பெரும் புதினத்தை அய்னி 1930களின் நடுவில் தாஜிக்கிலும் உஸ்பெக்கிலும் தாமே அளித்தார். இரு நாட்டு இலக்கிய வரலாறுகளும் அதனைத் தமதாகவே குறிக்கின்றன.