கண்புரைச் சிகிச்சைக்கு முன் கருவிழி வளைவை அளத்தல்

கண்புரையை அகற்றிச் செயற்கை லென்ஸைப் பொருத்துவதற்கு முன்பு, கண்ணின் முகப்பில் கவிந்து நிற்கும் ஒளிபுகு படலமாகிய கருவிழி எத்திசையில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கணிக்கும் பரிசோதனை, மருத்துவமனைகளில் ‘கே ரீடிங்’ என்ற பெயரால் வழங்கிவருகிறது. கருவிழி எல்லாத் திசைகளிலும் ஒரே வளைவுடையதாயிருந்தால் கதிர்கள் ஒரு புள்ளியில் கூடும். ஒரு திசையில் மிகுதியாக வளைந்து அதன் குறுக்குத் திசையில் தட்டையாயிருந்தாலோ, அவை இரு வேறு தூரங்களில் கோடுகளாகக் கூடிப் பிம்பத்தைக் கலக்கிவிடும். சிதறல் பார்வை எனப்படும் இக்குறையைத்தான் கண்ணாடிக் கடைச் சீட்டில் ‘சிலிண்டர் பவர்’ என்று குறிக்கிறார்கள்.

இக்குறையை முதன்முதலில் விவரித்த ஆங்கில விஞ்ஞானி தாமஸ் யங், 1801 இல் வெளியான தம் ஆராய்ச்சியில் தம் கண்ணையே சோதனைப் பொருளாக்கினார். கண்ணை நீரில் அமிழ்த்திக் கருவிழியின் ஒளிமுறிக்கும் சக்தியை அநேகமாக இல்லாமற் செய்த பின்னும் குறை நீங்காதிருக்கக் கண்டு, தம்முடைய சிதறல் பார்வைக்குக் காரணம் கருவிழியன்று, உள்ளிருக்கும் இயற்கை லென்ஸே என்று அவர் நிர்ணயித்தார். கண்புரைச் சிகிச்சைக்கு இம்முடிவு இன்றும் ஆதாரமானது. அறுவையில் இயற்கை லென்ஸ் நீக்கப்படுவதால் அதனால் விளைந்த குறையும் அதனுடன் போய்விடுகிறது. கருவிழியின் குறை மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே நோயாளி அதுவரை அணிந்திருந்த கண்ணாடியின் சிலிண்டர் அளவை நம்பி லென்ஸைத் தேர்ந்தெடுப்பது பிழையாகும். கருவிழியைத் தனியே அளந்தாக வேண்டும்.

1825 இல் வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏரி, சிதறல் பார்வையைத் திருத்தத் தம் இடக்கண்ணுக்கென உருளை வடிவ லென்ஸைச் செய்வித்து அணிந்தார். கருவிழியை அளக்கும் முயற்சியோ அதற்கும் முற்பட்டது. 1619 இல் கிறிஸ்டோப் ஷைனர் என்ற பாதிரியார், சாளரத்தின் பிரதிபிம்பம் கருவிழியில் எந்த அளவில் தெரிகிறதோ அதே அளவில் எந்தக் கண்ணாடிக் கோளத்தில் தெரிகிறது என்று ஒப்பிட்டு வளைவை மதிப்பிட்டார். கருவிழியை ஒரு குவியாடியாகக் கொண்டு, அதில் தோன்றும் பிம்பத்தின் அளவிலிருந்து வளைவின் ஆரத்தைக் காணும் இந்தத் தத்துவமே பின்வந்த யந்திரங்கள் பலவற்றுக்கும் மூலம். உயிருள்ள கண் ஒரு கணமும் அசையாது நிற்பதில்லை என்பதுதான் இதில் பெரிய இடையூறு. பிம்பத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டின் ஓரங்களும் தொடும்வரை நகர்த்தி அளந்தால், கண் அசைந்தாலும் இரு பிம்பங்களும் ஒருசேர அசைவதால் அளவு கெடாது என்ற சூக்ஷ்மத்தைக் கையாண்டு ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850களில் ஓர் உபகரணத்தை அமைத்தார். ஆய்வுக்கூடத்துக்கே உரியதாயிருந்த அதனை, நோயாளிகளிடம் எளிதிற் பயன்படுத்தத்தக்க வடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் 1880ஐ ஒட்டிப் பாரிஸில் உழைத்த கண் மருத்துவர்கள் ஜாவாலும் ஷியோட்ஸும் ஆவர். பிறர் பார்வையைத் திருத்த இத்தனை பாடுபட்ட ஜாவால், கண் நீர் அழுத்த நோயால் முதுமையில் தம் பார்வை முழுவதையும் இழந்தார்.

சென்னையில் 1819 இல் தொடங்கி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே தலைமுறை தலைமுறையாகப் புரை நீக்கப்பட்டதெனினும், உள்ளே லென்ஸ் வைக்கும் வழக்கம் தோன்றாத காலத்தில் அறுவைக்கு முன் கருவிழியை அளக்கப் பெரிய அவசியம் இருக்கவில்லை. புரை எடுத்தவர் தடித்த கண்ணாடி அணிந்தார். சிலிண்டரும் அந்தக் கண்ணாடியிலேயே அடங்கிற்று. 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தது இந்நிலையை மாற்றியது. லென்ஸின் சக்தியைத் தீர்மானிக்கக் கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் தெரிந்தாக வேண்டுமாதலால், கே ரீடிங் சிகிச்சையின் இன்றியமையாத அங்கமாயிற்று. தமிழ்நாட்டில் இது சாமானிய ஜனங்களுக்கும் எட்டியதில், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும், 1992 முதல் குறைந்த விலையில் லென்ஸ் செய்துவரும் அரோலேபுக்கும் பெரும் பங்குண்டு. அரவிந்தில் இவ்வளவைகளை எடுப்போர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே என்பது தனியே போற்றத்தக்கது.

பரிசோதனை சில நிமிஷங்களில் முடிவது. நோயாளி முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் பதித்து, குழலுக்குள் நேரே நோக்குகிறார். பரிசோதகருக்குக் கருவிழிமேல் மூன்று வளையங்கள் தெரிகின்றன. ஒரு குமிழைத் திருகி வளையங்களை ஒட்டிய கூட்டல் குறிகளையும், மற்றொன்றைத் திருகிக் கழித்தல் குறிகளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தச் செய்து, இரு திசைகளின் அளவையும் அச்சின் கோணத்தையும் குறித்துக்கொள்கிறார். வளைவின் ஆரம் 7.5 மில்லிமீட்டர் என்றால் சக்தி 45 டயாப்டர். கண்ணைத் தொட்டு நீளம் அளக்கும் ஏ ஸ்கேனுக்கும், மரப்புச் சொட்டு மருந்துக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். தொட்ட கருவிழியும் உலர்ந்த கருவிழியும் சரியான அளவைத் தருவதில்லை.

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பாதையிலுள்ள அத்திப்பட்டு போன்ற ஊர்களில் இவ்வளவைக்கு விசேஷக் கவனம் வேண்டியிருக்கிறது. உப்பளத்திலும், எண்ணூர்க் கழிமுகத்து மீன்பிடியிலும், அனல் மின்நிலையத்தைச் சூழ்ந்த நிலக்கரி, சாம்பல் வேலைகளிலும் வெயிலுக்கும் தூசிக்கும் கண்ணைக் கொடுத்து உழைப்போருக்கு, மூக்கோரத்திலிருந்து கருவிழிமேல் படரும் சதை வளர்ச்சி உண்டாக ஏதுவுண்டு. அச்சதை கருவிழியைக் கிடைத்திசையில் தட்டையாக்கிச் சிதறல் பார்வையை உண்டுபண்ணுகிறது. சதை பெரிதாயின் முதலில் அதை நீக்கி, சில வாரங்கள் பொறுத்து, கருவிழி நிலைத்த பின் மறுபடியும் அளந்தே புரைக்கு லென்ஸ் தேர்வது முறை. ஒரே நாளில் எல்லாம் முடியட்டும் என்று நாட்கூலிக்காரர் விரும்புவது இயல்புதான். ஆயினும் அவசரத்தில் எடுத்த அளவு அவருக்கு ஆயுள் முழுவதும் கலங்கிய பார்வையைத் தந்துவிடக்கூடும்.

1990களில் ஜப்பானில் கிமியா ஷிமிஸு அறிமுகப்படுத்திய டோரிக் லென்ஸ், கருவிழியின் குறையைக் கண்ணுக்குள்ளேயே ஈடுசெய்கிறது. அச்சிலிருந்து ஒரு டிகிரி விலகினாலும் அதன் பயனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு குறையும். 30 டிகிரி விலகினால் பயனே இல்லை. படுத்தவுடன் கண் சற்றே சுழலக்கூடுமாதலால், நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்தே கருவிழி ஓரத்தில் மையால் குறியிடுகிறார்கள். கருவிழியின் பின்புறப் பரப்பும் சராசரி 0.3 டயாப்டர் அளவுக்குக் கணக்கை மாற்றுகிறது என்று 2012 இல் டக்ளஸ் காக் குழுவினர் காட்டியபின், முன்புறத்தை மட்டும் அளந்து அமையும் பழைய முறை போதாதென்பது உறுதிப்பட்டது.

விலை மிகுந்த டோரிக் லென்ஸ் பெறுவோருக்கு மட்டுமேயன்றி, இலவச முகாமில் சாதாரண லென்ஸ் பெறுவோருக்கும் இவ்வளவை உரியது. கீறல் இடப்படும் திசையில் கருவிழி சற்றுத் தட்டையாவதால், அதிகம் வளைந்த திசையிலேயே கீறி, ஓரளவு குறையைச் செலவின்றிக் குறைக்கலாம். ஆகவே புரை அறுவைக்குச் செல்வோர், இரு கண்களின் கே ரீடிங்கையும் அச்சையும் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டாவது கண்ணின் அறுவைக்கு அது மருத்துவருக்குப் பயன்படும்.