அடுப்பைத் துறந்த பை

அடுப்பில் ஏற்றாமல், மாவு பிசையாமல், கொட்டைகளையும் பேரீச்சம்பழத்தையும் சேர்த்து அரைத்துத் தட்டில் அழுத்தி, அதன்மேல் பச்சைப் பழங்களை நிரப்பிக் குளிரவைக்கும் பழப் பை, நெருப்பை அறியாத காலத்து மனிதனின் பண்டம்போலத் தோற்றம் தரும். அந்தத் தோற்றம் பொய். அமெரிக்க வீடுகளில் உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவிய இந்த இனிப்புக்கு வயது நூறு ஆண்டுகளைக் கொஞ்சம்தான் தாண்டும். ஐஸ் வணிகம், பிஸ்கட் ஆலை, கலிஃபோர்னியப் பாலைவனத்துப் பேரீச்சந்தோப்பு, மின்சார அரவை இயந்திரம் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே அது இன்றைய வடிவத்தை அடைந்தது. இயற்கைக்குத் திரும்பச் சொன்னவர்களின் பண்டம் தொழிற்புரட்சிக்கு இவ்வளவு கடன்பட்டிருப்பதுதான் அதன் வரலாற்றில் சுவையான பகுதி.

கொழுக்கட்டையைப் போலவே பையிலும் இரண்டு பகுதிகள்: வெளியே மாவாலான ஓடு, உள்ளே பூரணம். இடைக்கால இங்கிலாந்தில் இந்த ஓடு பெரும்பாலும் பாத்திரமாகவே பயன்பட்டது. தடித்த, கெட்டியான மாவுச் சுவருக்குள் இறைச்சியை அடைத்துச் சுட்டால் காற்றுப் புகாமல் சில நாள் தாங்கும். பயணத்துக்கும் எடுத்துச் செல்லலாம். ஓட்டை எல்லாரும் தின்றார்கள் என்று சொல்ல முடியாது. பின்னர் வெண்ணெயும் கொழுப்பும் கூடி ஓடு மெலிந்து, நொறுங்கும் பதத்துக்கு வந்தது. பழப் பூரணங்களும் பெருகின. குடியேறியவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்த பை, ஆப்பிள் தோட்டங்கள் செழித்த அமெரிக்காவில் அன்றாட உணவாகிவிட்டது.

ஆனால் ஓவனின் பிடி தளரவில்லை. காரணம் பழமன்று, மாவு. ஆப்பிளையோ ஸ்ட்ராபெரியையோ பச்சையாகவே தின்னலாம். கோதுமை மாவிலுள்ள மாவுச்சத்தோ நீரும் வெப்பமும் சேர்ந்தால்தான் இளகி, உடல் எளிதில் செரிக்கும் நிலைக்கு வரும். வேகாத மாவு வாயில் பசையாக ஒட்டும். அதில் நோய்க்கிருமிகள் இருக்கவும் வாய்ப்புண்டு. எனவே வேகாத பையின் கதை முழுவதும் ஓட்டுக்கு மாற்றுத் தேடிய கதைதான். அந்தத் தேடல் இரண்டு வழிகளில் நடந்தது. ஒன்று கோடை வெக்கையில் ஓவனை மூட்ட விரும்பாத இல்லத்தரசிகளின் வழி. மற்றொன்று நெருப்பே உடலுக்குப் பகை என்று நம்பிய உணவுச் சீர்திருத்தக்காரர்களின் வழி. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

முதல் வழி ஐஸிலிருந்து தொடங்குகிறது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், 1806இல் நியூ இங்கிலாந்துக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, கரீபியத் தீவான மார்டினிக்குக்குக் கப்பலில் அனுப்பினார். ஊரே சிரித்தது. 1833இல் அவருடைய ஐஸ் கல்கத்தாவில் இறங்கியது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் அவருடைய சரக்கைச் சேமிக்கக் கட்டப்பட்டதுதான். அமெரிக்காவிலேயே இந்த வணிகம் வீடுகளுக்குள் நுழைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமையலறைக்கொரு ஐஸ் பெட்டி என்னும் வழக்கத்தை உண்டாக்கியது. சூட்டினால் இறுகவேண்டிய பண்டங்களைக் குளிரால் இறுகவைக்கலாம் என்பது அப்போதுதான் வீட்டுச் சமையலுக்குப் புலப்பட்டது. 1897இல் ஜெல்லோ என்ற பெயரில் ஜெலட்டின் தூள் அறிமுகமானது. 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மானிட்டர் டாப் குளிர்பதனப் பெட்டி சந்தைக்கு வந்ததும், ஐஸ்காரரை எதிர்பார்க்கவேண்டிய தேவையும் குறையத் தொடங்கியது.

பூரணம் குளிரில் இறுகிவிட்டது. ஓடு? அதற்கு விடை தந்தது ஒரு பிஸ்கட். சில்வெஸ்டர் கிரஹாம் (1794–1851) என்ற கிறித்தவப் போதகர், வெள்ளை மாவும் மசாலாவும் இறைச்சியும் மனிதனின் இச்சைகளைத் தூண்டிக் கெடுக்கின்றன என்று 1830களில் ஊர் ஊராகப் பேசிவந்தார். தவிடு நீக்காத கோதுமையில் சுட்ட ரொட்டியே அவர் பரிந்துரைத்த மருந்து. அவரைப் பின்பற்றியவர்கள் செய்த உப்புசப்பற்ற பிஸ்கட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, ஆலைகள் அதே கிரஹாம் பிஸ்கட்டில் இனிப்பைச் சேர்த்துப் பெட்டிபெட்டியாக விற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் அந்தப் பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயும் சர்க்கரையும் கலந்து தட்டில் அழுத்தினால் ஓடு தயார் என்பது சமையற்குறிப்புகளில் பரவியது. எளிய உணவைப் போதித்தவரின் பெயர் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த இனிப்பின் அடித்தளமானதைக் கிரஹாம் பார்த்திருந்தால் மன்னித்திருக்கமாட்டார். இந்த ஓட்டில் நெருப்பு இல்லாமலும் இல்லை. ஆலையில் ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த வழியின் புகழ்பெற்ற பிள்ளை ஃபுளோரிடாவின் கீ லைம் பை. மாநிலத்தின் தென்கோடியில் கடலில் சிதறிக் கிடக்கும் கீஸ் தீவுகளுக்கு 1912 வரை ரயில் கிடையாது; பசும்பாலும் ஐஸும் அரிது. கெய்ல் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்ற முறையில் சுண்டவைத்த டின் பால் மட்டும் எளிதாகக் கிடைத்தது. அந்தப் பாலோடு முட்டை மஞ்சள் கருவையும், தீவில் விளைந்த சிறு எலுமிச்சையின் சாற்றையும் கலந்தால், புளிப்பு பாலின் புரதத்தைப் பிணைத்துக் கலவையைத் தானாகவே கெட்டியாக்கிவிடும். ஓவனுக்கு அங்கே வேலையில்லை. இந்தப் பை கீ வெஸ்டில் பிறந்தது என்று தீவுக்காரர்கள் அடித்துச் சொல்ல, 1930களில் பால் நிறுவனம் வெளியிட்ட எலுமிச்சைப் பைக் குறிப்பிலிருந்தே வந்தது என்று வாதிடுவோரும் உண்டு. பிறப்பிடம் எதுவானாலும் தாய் டின் பால் என்பதில் தகராறில்லை. 2006இல் அது ஃபுளோரிடாவின் அதிகாரபூர்வ பையாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது வழி சமையலறையில் தொடங்கவில்லை, மருத்துவமனையில் தொடங்கியது. சூரிச் நகர மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர், சூரிய ஒளியின் ஆற்றல் பச்சைக் காய்கனிகளில் தங்கியிருக்கிறது, சமைத்தால் அது போய்விடுகிறது என்று கருதினார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் நோயாளிகளுக்கு அவர் கொடுத்த உணவில் துருவிய ஆப்பிள்தான் முதன்மை. ஊறிய ஓட்ஸ் கொஞ்சம், எலுமிச்சைச் சாறு, பொடித்த கொட்டைகள். பின்னாளில் மியூஸ்லி என்று உலகெங்கும் விற்பனையான அந்தக் கலவையில் அவர் சேர்த்த பால், டின்னில் அடைத்த சுண்டிய பால். பச்சை உணவின் தந்தையும் ஆலையைத் தவிர்க்கவில்லை.

அதே காலத்தில் லண்டனில் கப்பல் கட்டும் தொழிலதிபர் ஆர்னால்டு ஹில்ஸ் சமைக்காததையே உண்ணும் ‘உயிர் உணவு’ என்ற கொள்கையைப் பரப்பினார்.  அவருடைய கருத்தால் ஈர்க்கப்பட்ட இளம் வழக்கறிஞர் காந்தி, 1893இல் பிரிட்டோரியாவில் ஊறிய தானியமும் பழமும் கொட்டையும் மட்டும் தின்று பார்த்தார். பசியும் பலவீனமும் தாங்காமல் விரைவில் கைவிட்டார். 1929இல் மீண்டும் முயன்று, வயிற்றுப்போக்கு வந்து நிறுத்தினார். தன்மேல் செய்த சோதனையின் தோல்வியை அப்படியே அச்சில் எழுதிவைத்ததில் அவர் மற்றப் பிரசாரகர்களிலிருந்து வேறுபடுகிறார்.

அமெரிக்காவில் இந்தக் கொள்கை சமையற்புத்தகமாக உருவெடுத்தது. யூஜீன் கிறிஸ்டியனும் அவர் மனைவி மாலியும் 1904இல் நியூயார்க்கில் சமைக்காத உணவுகள் பற்றிய நூலை வெளியிட்டனர். 1912இல் சிகாகோவின் ஜார்ஜ் டுரூஸ் மற்றொன்றை எழுதினார். லாஸ் ஏஞ்சலஸில் ஜான் ரிக்டரும் வேரா ரிக்டரும் யூட்ரோஃபியன் என்ற உணவகத்தை நடத்தினர். அங்கே அடுப்பே கிடையாது. வேரா 1925இல் வெளியிட்ட ‘குக்-லெஸ் புக்’ அந்த உணவகத்தின் குறிப்புகளைத் தொகுத்தது. நீண்ட முடியும் தாடியுமாகத் திரிந்த இளைஞர்கள் அங்கே கூடினர். அவர்களில் ஒருவரான ஈடன் ஆபெஸ் அங்கே பியானோ வாசித்தவர்; அவர் எழுதிய ‘நேச்சர் பாய்’ பாடலை நாட் கிங் கோல் பாட, 1948இல் அது நாடெங்கும் ஒலித்தது. ஹிப்பிகளுக்கு இருபது ஆண்டு முன்னோடிகள் என்று இவர்களைச் சொல்லலாம்.

இந்த இயக்கம் கலிஃபோர்னியாவில் வேரூன்றியதற்கு வெயில் மட்டும் காரணமன்று. பச்சைப் பைக்கு வேண்டிய பசை அங்கே விளையத் தொடங்கியிருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் வால்டர் ஸ்விங்கிள், 1900ஐ ஒட்டி அல்ஜீரியாவிலிருந்து டெக்லெட் நூர் பேரீச்சங்கன்றுகளைக் கொண்டுவந்தார். கொச்செல்லா பள்ளத்தாக்கின் மணற்பரப்பு சில ஆண்டுகளில் பேரீச்சந்தோப்பாகியது. அங்குள்ள ஓர் ஊருக்கு மெக்கா என்றே பெயர். டெக்லெட் நூர் சற்று உலர்ந்த ரகம். சதைப்பற்றும் பிசுபிசுப்பும் நிறைந்த மெஜூல் ரகமோ மொராக்கோவில் கொள்ளைநோயால் அழிந்துகொண்டிருந்தது. 1927இல் ஸ்விங்கிள் அங்கிருந்து 11 பக்கக் கன்றுகளைப் பெற்றுவந்தார். நோய் பரவிவிடக் கூடாதென்று அவை வேறு பேரீச்சையே இல்லாத நெவாடாவில் பல ஆண்டுகள் தனிமையில் வளர்க்கப்பட்டன. பிழைத்தவை 9. 1930களின் நடுவில் அவற்றின் வழித்தோன்றல்கள் கலிஃபோர்னியாவின் இண்டியோவுக்குச் சென்றன. அமெரிக்காவின் மெஜூல் தோப்புகள் அந்த ஒன்பதிலிருந்தே பெருகின.

கொட்டைகளில் அமெரிக்காவின் சொந்தச் சரக்கு பீக்கன். காட்டு மரமாக இருந்த அதைத் தரமான ஒட்டுரகமாக மாற்றியவர், லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த அந்துவான் என்ற தோட்டக்காரர். 1840களில் அவர் ஒட்டுக்கட்டிய மரங்களின் கொட்டை, 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது. அதற்குச் சூட்டிய பெயர் ‘செண்டெனியல்’. ஒட்டுக்கட்டியவரின் பெயரை யாரும் சூட்டவில்லை.

பேரீச்சையும் கொட்டையும் சேரும்போது நடப்பது எளிய வேதியியல். கொட்டையை அரைத்தால் எண்ணெய் கசியும். பேரீச்சையின் சர்க்கரையும் நாரும் அந்தத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றரைக் கிண்ணம் வால்நட் அல்லது பீக்கனுக்கு ஒரு கிண்ணம் கொட்டை நீக்கிய பேரீச்சை, ஒரு சிட்டிகை உப்பு என்பது வீட்டு அளவு. கலவையைக் கையில் பிடித்தால் பிடிபடவேண்டும். உதிர்ந்தால் பேரீச்சை போதவில்லை, எண்ணெய் மினுங்கினால் அரைத்தது அதிகம். அதைத் தட்டில் அழுத்திக் குளிரவைத்துவிட்டு, பழத்தில் ஒரு பங்கை நறுக்கியும் மறு பங்கைப் பேரீச்சையோடும் எலுமிச்சைச் சாற்றோடும் அரைத்தும் கலந்து நிரப்புவார்கள். எலுமிச்சை சுவைக்காக மட்டும் சேர்வதில்லை. நறுக்கிய ஆப்பிளும் வாழையும் கறுக்காமல் காப்பதும் அதுவே. பூரணம் இறுகத் தேங்காய் எண்ணெய் கை கொடுக்கும். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைவது மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜெலட்டினை நம்பினால் அன்னாசியும் பப்பாளியும் காலை வாரிவிடும். பச்சையாக இருக்கையில் அவற்றின் நொதிகள் ஜெலட்டின் புரதத்தை அறுத்துவிடுவதால் கலவை கடைசிவரை நீராகவே கிடக்கும்.

யூட்ரோஃபியன் காலத்தில் இந்த அரைப்பு கைச்சுற்று இயந்திரத்தில் நடந்தது. தோள் வலிக்கும் வேலை. பொறியாளர் கார்ல் சோண்ட்ஹைமர், பிரெஞ்சு உணவகங்களின் அரவை இயந்திரத்தை வீட்டுக்கேற்ப மாற்றி, குசினார்ட் என்ற பெயரில் 1973இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஓடு சில நிமிட வேலையானது. பச்சைப் பை பரவலானதற்கு எந்தப் போதகரையும்விட இந்த இயந்திரத்துக்கே அதிக நன்றி உரியது.

போதகர்களும் ஓயவில்லை. லிதுவேனியாவில் பிறந்து பாஸ்டனில் வாழ்ந்த ஆன் விக்மோர் (1909–1994) கோதுமைப்புல் சாற்றையும் முளைகட்டிய தானியத்தையும் பரப்பினார். அவர் சொன்ன நோய் தீர்க்கும் கதைகளுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது; அதன்பொருட்டு மாசசூசெட்ஸ் அரசு அவர்மேல் வழக்கும் தொடுத்தது. 1990களில் கொள்கை உணவகங்களுக்கு இடம் மாறியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘ரா’ உணவகத்தை நடத்திய ஜூலியானோ 1999இல் நூல் வெளியிட்டார். 2003இல் சிகாகோவின் நட்சத்திரச் சமையற்கலைஞர் சார்லி டிராட்டர், ராக்ஸான் கிளைனோடு சேர்ந்து மற்றொரு நூலைக் கொண்டுவந்தார். சத்திய சோதனையாக இருந்த உணவு, விலையுயர்ந்த விருந்தாகியது.

பச்சை உணவுக்காரர்களின் இலக்கணப்படி, சுமார் 48 பாகைக்கு மேல் சூடானது பச்சை உணவாகாது. அதற்குமேல் உணவின் நொதிகள் அழியும், அவை இல்லாமல் செரிமானம் தடுமாறும் என்பது விளக்கம். உடல் தனக்கு வேண்டிய செரிமான நொதிகளைத் தானே சுரக்கிறது. உணவோடு வரும் நொதிகளில் பெரும்பகுதி வயிற்று அமிலத்தில் சிதைகிறது. ஆகவே விளக்கம் நிற்பதில்லை. இலக்கணமே முழுதாக நிற்பதில்லை. முந்திரியின் ஓட்டில் தோலைப் பொசுக்கும் நெய் இருப்பதால், பண்ருட்டியானாலும் கொல்லமானாலும் கொட்டையை அவித்தோ வறுத்தோதான் வழக்கமாக உடைக்கிறார்கள். ‘பச்சை முந்திரி’ என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சூடு கண்டதே. கலிஃபோர்னியப் பாதாமால் சால்மொனெல்லா நோய் இருமுறை பரவியதைத் தொடர்ந்து, 2007 செப்டம்பர் முதல் வட அமெரிக்காவில் விற்கும் அந்தப் பாதாமைக் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. ஓட்ஸ் நீராவியில் வெந்தபிறகே தட்டையாகிறது. மேப்பிள் பாகு மணிக்கணக்கில் கொதித்தது.

இன்று இந்தப் பையை நாடுவோருள் கொள்கைக்காரர்கள் மட்டும் இல்லை. கோதுமை ஒவ்வாதவர்கள், பாலும் முட்டையும் தவிர்ப்பவர்கள், ஓவன் இல்லாதவர்கள், கோடையில் அதை மூட்ட மனமில்லாதவர்கள் என்று வட்டம் விரிந்திருக்கிறது. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகாது. சர்க்கரையைப் பொறுத்தவரை சலுகை எதுவும் இல்லை: காய்ந்த பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஓரிரு நாளுக்குள் உண்டுவிடவேண்டும். அதற்குமேல் பழம் நீர்விட்டு, ஓடு ஊறிப்போகும்.