டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்: ரீட் வால்வை மாற்றினால் பவர் கூடுமா? இன்ஜின் சீஸ் ஆவது எதனால்?

ஆக்சிலேட்டரைத் திருகினால் முதலில் ஒன்றுமே இருக்காது. திடீரென்று வண்டி பிய்த்துக்கொண்டு பாயும். டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. சேற்றிலும் மணலிலும் இப்படி வரும் பவர் பின்சக்கரத்தைச் சும்மா சுழலவிடுமே தவிர, வண்டியை முன்னே தள்ளாது. இதைச் சரிசெய்யப் பலரும் முதலில் கை வைப்பது, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் 'இன்டேக்' பகுதியில்தான். அங்கே எதை மாற்றினால் என்ன நடக்கும்?

ரீட் வால்வின் வேலை என்ன?

பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே உள்ள கிராங்க்கேஸில் அழுத்தம் குறையும். கார்புரேட்டரில் இருந்து காற்று-பெட்ரோல் கலவை உள்ளே இழுக்கப்படும். பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை திரும்பி வெளியே வராமல் தடுப்பதுதான் ரீட் வால்வு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி, மெல்லிய இதழ்களால் ஆனது. யமஹா 1972-ல் 'டார்க் இண்டக்‌ஷன்' என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டில் பலருக்கும் பழக்கமான ஆர்.எக்ஸ். 100-லும் இருப்பது ரீட் வால்வுதான்.

இதழை மாற்றினால்?

மெல்லிய இதழ் லேசான இழுவைக்கே திறந்துவிடும். குறைந்த ஆர்.பி.எம்.மில் பிக்கப் நன்றாக இருக்கும். ஆனால் ஆர்.பி.எம். ஏறும்போது படபடவென அடித்து, நேரத்துக்கு மூடாது. தடித்த இதழ் இதற்கு நேர்மாறு. தடித்த இதழின் மேல் மெல்லிய இதழைப் பொருத்திய இரட்டை இதழ்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

பெரிய கார்புரேட்டர் நல்லதா?

எப்போதும் இல்லை. யமஹாவின் ஒய்.இசட். 250-ல் இருப்பது 38 மி.மீ. கார்புரேட்டர். துளை இன்னும் பெரிதானால் குறைந்த ஆர்.பி.எம்.மில் காற்றின் வேகம் குறையும்; பெட்ரோல் சரியாக இழுக்கப்படாது; வண்டி திணறும். இன்டேக் மாற்றங்களில் பெரும்பாலும் மாறுவது மொத்த பவர் அல்ல, அது எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்பதுதான்.

ஆபத்து எங்கே?

ஏர் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போட்டாலோ, ரீட் கேஜை மாற்றினாலோ உள்ளே போகும் காற்றின் அளவு மாறும். காற்று கூடி, பெட்ரோல் அதற்கேற்பக் கூடாவிட்டால் கலவை 'லீன்' ஆகிவிடும். டர்ட் பைக்குகளில் இன்ஜின் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. 30 லிட்டருக்கு ஒன்று, 40 லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கு வழக்கம். எனவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு ஏறி பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இதுதான் 'சீஸ்'. ஓடும்போது இப்படி நடந்தால் பின்சக்கரம் லாக் ஆகி, ஓட்டுபவர் தூக்கி வீசப்படலாம்.

கவனிக்க வேண்டியவை

* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஜெட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

* ஆக்சிலேட்டர் கால்வாசி வரை ஸ்லோ ஜெட், நடுப்பகுதியில் நீடில், முக்கால்வாசிக்கு மேல் மெயின் ஜெட். திணறல் எங்கே வருகிறதோ அங்கே தேட வேண்டும்.

* பிளக் இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் லீன். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம்.

* ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்.பி.எம். இறங்காவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. கார்புரேட்டர் ரப்பர், கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல் மூன்றையும் சோதிக்க வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டக் கூடாது.

புதிய பாகம் வாங்கும் முன் பழைய ரீட் கேஜைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். இதழ்களின் நுனி உடைந்தோ, இடைவெளி விட்டோ இருந்தால், அதே அளவில் புது இதழ் போட்டாலே போன பிக்கப் திரும்பிவிடும்.