மனுவிலிருந்து நேர்முகத் தேர்வு வரை

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எளிய செயல் என்று இன்றைய இளைஞர் எண்ணக்கூடும். ஒரு தாள்; அதில் பெயர், தந்தை பெயர், கல்வித் தகுதி, சாதி; கீழே கையொப்பம். ஆயினும் அந்தத் தாளில் நம் பெயர் ஏறுவதற்கு நம் முன்னோர் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. கல்விக் கழகத்தின் வெள்ளி விழா நாளில், பட்டம் பெற்று வேலை தேடி நிற்கும் நம் பிள்ளைகள் அவ்வரலாற்றை அறிதல் நலம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

அரசுப் பதவி குறித்து நம்மவர் விடுத்த மனுக்களுள் புகழ்பெற்றது 1893ஆம் ஆண்டு மனுவாகும். ஐ.சி.எஸ். தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டுவந்த காலம் அது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் முன்நின்று, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனுவை அக்கோரிக்கைக்கு எதிராக இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பச் செய்தார். பள்ளிக்கூடத்தின் கதவு நமக்கு அடைபட்டிருக்கையில் தேர்வுக்கூடத்தின் கதவை மட்டும் திறந்தால், அதிகாரம் முழுவதும் சாதி இந்துக்களின் கையில் குவியும் என்பதே அவர்களின் அச்சம். போட்டி என்பது எல்லார்க்கும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

அடுத்து வந்தது எண்ணிக்கைப் போராட்டம். 1927ஆம் ஆண்டுச் சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை, 12 இடங்களில் ஒன்றை நமக்கு ஒதுக்கிற்று. 1947இல் அது 14க்கு 2 ஆயிற்று. மத்திய அரசுப் பணிகளில், வைசிராய் நிர்வாக சபையில் அண்ணல் அம்பேத்கர் அமர்ந்திருந்த 1943ஆம் ஆண்டில்தான் 8.33 விழுக்காடு கிடைத்தது. இன்று மத்திய அரசில் 15 விழுக்காடும் தமிழ்நாட்டில் 18 விழுக்காடும் ஆதிதிராவிடர்க்கு உண்டு. இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் மனுக்களும் மாநாடுகளும் சிறைவாசங்களும் நிற்கின்றன.

இடம் ஒதுக்கியவுடன் தடை நீங்கிவிட்டதா? அண்ணலே இதற்குச் சான்று. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அவருக்கு, ஏவலர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து வீசினர். தங்குவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. கற்ற கல்வி குறைந்ததாலன்று; பிறந்த பிறப்பைக் கண்டே அவரை விலக்கினர்.

எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு முகமில்லை. நேர்முகத் தேர்விலோ முகமே விடைத்தாள் ஆகிவிடும். ஆகவே நேர்முகத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பது நமக்குப் பெரும் கேள்வி. அரியானா மாநிலப் பணித் தேர்வு பற்றிய வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 700, நேர்முகத்துக்கு 200 என்றிருந்ததை உச்சநீதிமன்றம் 1985இல் மிகையெனக் கண்டது. பொதுப் போட்டியாளர்க்கு அது மொத்தத்தில் 12.2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு 2016 சனவரி முதல் நேர்முகமே கைவிடப்பட்டது.

தனியார் துறையின் நிலை வேறு. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயர் தாங்கியவர்க்கு அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் இரு பங்கே தலித் பெயர் தாங்கியவர்க்கு இருந்தது. முஸ்லிம் பெயர்க்கு அதுவும் குறைவு. நிறுவன மேலாளர்கள் 'குடும்பப் பின்னணி'யை விரும்பிக் கேட்பதை அதே ஆண்டில் வந்த வேறோர் ஆய்வு காட்டிற்று.

இவ்வரலாற்றைக் கூறுவது இளைஞர் மனம் தளர்வதற்காக அன்று. பிழை தம்முடையது என்று தம்மையே நொந்துகொள்ளாதிருப்பதற்காக. அநீதியை எதிர்ப்பது சங்கத்தின் கடமை. அதற்கிடையே நம் பக்கத்தில் குறை வையாதிருப்பது நம் கையில் உள்ளது.

முதலாவது, சான்றிதழ்கள். பள்ளிச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் பிறந்த நாளும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். மாறியிருப்பின், விளம்பரம் வருமுன்பே திருத்திக்கொள்க. இரண்டாவது, தன்விவரக் குறிப்பு. இரண்டு பக்கத்துக்குள், அண்மையில் பெற்ற தகுதி முதலில் வரட்டும். கூலி வேலை செய்துகொண்டே படித்தீராயின் அதையும் எழுதுக. சேரியில் மாலைப் பள்ளி நடத்தினீராயின் எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள் என்று எழுதுக. இவை மறைக்க வேண்டியவையல்ல, உழைப்பின் சான்றுகள். செய்யாததை மட்டும் எழுதற்க. மூன்றாவது, நேர்முகம். படித்த பாடத்தை நம் சொற்களில் விளக்கவும், நம் மாவட்டத்தின் பயிரையும் தொழிலையும் பற்றிப் பேசவும் பழகுக. தெரியாததைத் தெரியாது என்று கூறுவதில் இழிவில்லை. குடும்பம் பற்றிக் கேட்டால், நாற்று நட்ட தாயின் கூலியில் படித்தேன் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்க.

இறுதியாக, வேலை பெற்றுவிட்ட நம் உறுப்பினர்க்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மாலை மூவர் தேர்வாளராய் அமர்ந்து நம் பிள்ளைகளைக் கேள்வி கேளுங்கள். அவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்துங்கள். 1893இல் 3,412 பேர் ஒரே தாளில் கையொப்பமிட்டனர். அவர்களின் வழிவந்த நாம், ஒரு பிள்ளையின் தாளைப் படிக்க ஒரு மாலைப்பொழுதைத் தரலாகாதா?