வாசனை இல்லாத கசிவு

"கேஸ் போயிடுச்சு சார்" என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக் சொல்லிக் கேட்காத வீடு நம் ஊரில் இருக்காது. போன கேஸ் எங்கே போனது, அதைத் தேடிப் பிடிக்கும் கருவி சரியாகத்தான் சொல்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் நூறு வருடச் சரித்திரம் வெளியே வருகிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஆரம்ப காலத்துக் குளிர்பதன இயந்திரங்களுக்குக் கசிவு காட்டும் கருவி தேவைப்படவில்லை, மூக்கே போதும். ஐஸ் பாக்டரிகளில் அம்மோனியா. கொஞ்சம் கசிந்தாலும் கண் எரியும். எங்கே என்று பார்க்கக் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் ஓரமாகக் கொண்டு போவார்கள், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். வீட்டு ஃபிரிட்ஜ்களில் கந்தக டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் இருந்தன. இதில் மெத்தில் குளோரைடு பொல்லாதது. விஷம்தான், ஆனால் வாசனை மிகவும் குறைவு. 1929இல் சிகாகோ நகரில் பலர் அதனால் இறந்தார்கள். பிறகு, கசிந்தால் கண்ணில் நீர் வரவேண்டும் என்பதற்காகவே அக்ரோலின் என்னும் காரமான பொருளை அதில் கலந்தார்கள். பெர்லினில் ஒரு குடும்பமே ஃபிரிட்ஜ் வாயுவால் மாண்ட செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் கசியாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க முனைந்தார்கள் என்று சொல்வார்கள்.

1930இல் நிலைமை மாறியது. தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் புது வாயு ஒன்றை ரசாயனச் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மூச்சோடு இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. அதுதான் ஃபிரியான். உலகம் கைதட்டியது. ஆனால் அதற்கு வாசனையும் இல்லை. கசிந்தால் யாருக்கும் தெரியாது, யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதனால் யாரும் கவலைப்படவும் இல்லை.

கேஸ் தீர்ந்து பெட்டி குளிராமல் போனால் மட்டும் மெக்கானிக் வருவார். அவர் கையில் ஒரு சின்ன டார்ச் அடுப்பு. அதன் சுடர் செம்புத் துண்டு ஒன்றின் மேல் படும். குளோரின் உள்ள வாயுவை அது உறிஞ்சினால் சுடர் பச்சையாகும், அதிகமானால் நீலமாகும். 1872இல் பெயில்ஷ்டைன் என்ற வேதியியலார் சொன்ன சோதனைதான் இது. இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

எவ்வளவு என்று சொன்னவர் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர். 1957இல் அவர் செய்த எலக்ட்ரான் கவர் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு லட்சம் கோடி பங்கு காற்றில் சில பங்கு குளோரின் சேர்மம் இருந்தாலும் அது கண்டுகொள்ளும். 1971இல் அதை ஷாக்கில்டன் என்ற ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றி அண்டார்டிகா வரை காற்றை அளந்தார். மனிதரே இல்லாத கடலிலும் ஃபிரியான் வகை வாயு இருந்தது. அதுவரை தயாரித்ததில் பெரும்பகுதி அழியாமல் அப்படியே காற்றில் தங்கியிருந்தது. 1973இல் அதை எழுதியபோது, இதனால் தீங்கு ஏதும் இல்லை என்றே அவர் கருதினார். மறு வருடமே மொலினாவும் ரோலண்டும் அந்த வாயு மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று காட்டினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை தெரிந்தது. 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது.

இங்கே ஒரு பிரெஞ்சு வார்த்தை. பிரெவே வரை பிரெஞ்சிலேயே படித்தவன் ஆதலால் அது எனக்கு முதலில் வருகிறது. கருவியை அளவுக்குச் சரிபார்ப்பதை அவர்கள் 'எத்தலோனாழ்' என்பார்கள். 'எத்தலோன்' என்றால் மூல அளவு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மீட்டர் என்பது எவ்வளவு நீளம் என்று ஜனங்கள் தெரிந்துகொள்ள பாரிஸ் தெருச் சுவர்களில் சலவைக்கல் மீட்டர்களைப் பதித்தார்கள். வோழிரார் தெருவில் ஒன்று இன்றும் இருக்கிறது. துணி வியாபாரி தன் கோலை அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நம் கடைத் தராசுக்கு முத்திரை போடுவதும் இதே காரியம்தான்.

கசிவுக் கருவிக்கும் அப்படி ஒரு மூல அளவு உண்டு. குளிர்பதன வாயு நிரப்பிய ஒரு சின்னக் குப்பி. அதிலிருந்து நுண்துளை வழியாக வருடத்துக்கு இத்தனை கிராம் என்று தெரிந்த அளவில் வாயு கசிந்துகொண்டே இருக்கும். 5 கிராம் கசிவு என்றால் ஆர்-134ஏ வாயுவில் நாளைக்குச் சுமார் 3 மில்லிலிட்டர்தான். அதன் முன் கருவியைப் பிடித்தால் அது கத்த வேண்டும். கத்தாவிட்டால் சென்சாருக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். கார் ஏ.சி.க்கான அமெரிக்க எஸ்.ஏ.இ. விதி வருடத்துக்கு 4, 7, 14 கிராம் என்று மூன்று படிகளில் கருவி கசிவைப் பிரித்துக் காட்டவேண்டும் என்கிறது.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பூஜ்யம். பல கருவிகள் போட்டவுடன் சுற்றியுள்ள காற்றையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். கேஸ் நிரம்பிய அறைக்குள் நின்று சுவிட்சைப் போட்டால் அந்தக் கேஸே பூஜ்யமாகி, கருவி மௌனமாக இருக்கும். வெளிக்காற்றில் போட்டுக்கொண்டு உள்ளே வரவேண்டும். இரண்டாவது, எந்த வாயு என்பது. ஒரு வாயுவுக்குச் சரிபார்த்த கருவி இன்னொன்றுக்கு அதே அளவைக் காட்டாது. ஆர்-134ஏ-யில் குளோரினே இல்லை என்பதால் பழைய டார்ச் அதன் முன் பச்சையாகாது. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் பல ஐசோபியூட்டேனில் ஓடுகின்றன. அது தீப்பிடிக்கும் வாயு, குளோரின் வகைக்கான கருவி அதைக் கண்டுகொள்ளாது, டார்ச்சைக் கொண்டு போவதோ ஆபத்து. மூன்றாவது, குப்பிக்கும் ஆயுள் உண்டு. வாயு தீர்ந்த குப்பியை வைத்துச் சோதித்தால் நல்ல கருவியைக் கெட்டது என்போம்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 2018இல் நடந்ததைப் பாருங்கள். சி.எஃப்.சி.-11 வாயுவின் உற்பத்தி 2010இல் உலகம் முழுதும் நின்றிருக்க வேண்டும். ஆனால் காற்றில் அதன் அளவு குறையும் வேகம் தணிந்துவிட்டது என்று அமெரிக்காவின் நோவா நிறுவன விஞ்ஞானிகள் கண்டார்கள். அப்போது காற்றில் அது ஒரு லட்சம் கோடிக்குச் சுமார் 230 பங்கு. குறைய வேண்டியது வருடத்துக்கு 2 பங்கு, குறைந்தது அதில் பாதி. அந்த ஒற்றைப் பங்கு வித்தியாசத்திலிருந்து, எங்கோ யாரோ வருடத்துக்குச் சுமார் 13,000 டன் கூடுதலாக வெளியே விடுகிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். மறு வருடம் கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா நிலையங்களின் அளவுகள், அதில் பெரும் பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருவதைக் காட்டின. அதன்பின் வெளியேற்றம் குறைந்தது.

பல நாட்டுக் கருவிகள் வருடக்கணக்காக ஒரே மூல அளவோடு ஒப்பிடப்பட்டு வந்திராவிட்டால், "உங்கள் கருவியில்தான் பிழை" என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். முத்திரை போடாத தராசில் நிறுத்துவிட்டுக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது அல்லவா? உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவது சுலபம். அது நிற்பதற்கு, எங்கோ ஒரு மூலையில் ஒருவர் அலுக்காமல் தன் கருவியைக் குப்பியின் முன் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.